தொண்டுப்பட்டியும் கால்நடை வளர்ப்போர் கடமையும்

ஆடுமாடு இல்லாத வேளாண்மை எருவில்லாத வேளாண்மையாகும். பாலுக்கும் எருவுக்கும் கைச்செலவுக்கும் குடியானவர் தம் கால்நடைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஆயினும், ஒருவர் தொழுவத்தில் செல்வமாக நிற்கும் மாடு, கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்தவர் வயலில் இறங்கியவுடன் நஷ்டத்துக்கும் பகைக்கும் காரணமாகிவிடுகின்றது. வரப்புத் தகராறுக்கு அடுத்தபடியாகக் கிராமங்களில் மனத்தாங்கலை விளைவிப்பது மாடு மேய்ந்த வழக்கே எனலாம்.

இத்தகைய தகராறு கைகலப்பாக முற்றாமல் இருப்பதற்காகவே தொண்டுப்பட்டி என்னும் அமைப்பு ஏற்பட்டது. சில இடங்களில் இதனைப் பவுண்டு என்றும், பழைய வழக்கில் கொண்டித்தொழு என்றும் கூறுவர். தொண்டுப்பட்டியைப் பற்றி ஊராரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. அது மாட்டைத் தண்டிக்கும் சிறைச்சாலை என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது உடையவர் வந்து மீட்கும்வரை ஊரார் அம்மாட்டைப் பொறுப்பேற்றுக் காக்கும் இடமாகும். பயிரை மேய்ந்தது மாட்டின் குற்றம் அன்று. கயிற்றை அவிழ்த்துவிட்டவரின் குற்றமே. ஆகையால் அபராதம் உடையவரைச் சேர வேண்டும். பட்டினியும் தாகமும் மாட்டைச் சேரலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடத்தும் ஊரிலேதான் பட்டியால் பயன் உண்டு.

மாடு திரிவதன் காரணங்கள்

முதற் காரணம் தீவனக் குறைவு. கோடையில் வைக்கோற்போர் தீர்ந்தவுடன், வெளியே போய் வயிற்றை நிரப்பிக்கொள்ளட்டும் என்று மாட்டை அவிழ்த்துவிடுவோர் பலர். இரண்டாவது, பால் வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் கட்டிவைத்துத் தீனி போடுவது வீண்செலவு என்னும் எண்ணம். மூன்றாவது, இற்றுப்போன கயிறும் ஆட்டங்கண்ட முளையும். நான்காவது, பசு பருவத்துக்கு வருதல். சினைப்படாத பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அவ்வேளையில் அது ஓயாமல் கத்தும். தீனியில் நாட்டம் குறையும். பிறப்புறுப்பில் கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். கட்டை அறுத்துக்கொண்டு இரவிலும் ஓடும். உடையவர் அந்நாளைக் குறித்துவைத்துக் காலத்தில் சினைப்படுத்துவாராயின், மாடும் திரியாது, ஓர் ஈற்றும் வீணாகாது.

ஐந்தாவதாகக் கூறத்தக்கது பழைய வழக்கம். காவிரிப் பாசனப் பகுதிகளில் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின் மாடுகளை அவிழ்த்துவிடுவது நெடுங்காலமாக இருந்துவருகின்றது. அறுத்த வயல் வெறுந்தரிசாகக் கிடந்தபோது அவ்வழக்கத்தால் எவருக்கும் கெடுதல் இல்லை. மாடு தாளை மேய்ந்தது, வயலுக்குச் சாணம் கிடைத்தது. ஆனால் நெல் தரிசில் உளுந்தும் பயறும் விதைக்கும் வயல்களில் இவ்வழக்கம் பெருந்தீங்காக மாறிவிடுகின்றது.

நெல் தரிசு உளுந்தும் அவிழ்த்துவிட்ட மாடும்

நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், வயலின் ஈரம் மெழுகுபதமாக இருக்கையில் உளுந்தையோ பச்சைப்பயற்றையோ நெற்பயிரினூடே விதைப்பது டெல்டாப் பகுதியின் சிறந்த முறை. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். உழவு வேண்டா, மண்ணிலுள்ள மிச்ச ஈரத்தையும் பனியையும் கொண்டே பயிர் வளர்ந்து ஏறத்தாழ 70 நாட்களில் முற்றுகின்றது. வேர்முடிச்சுக்களால் நிலத்துக்குத் தழைச்சத்தும் சேர்கின்றது. செலவு குறைந்த இப்பயிர், நெல்லில் இழப்புக் கண்ட ஆண்டில் குடியானவருக்குக் கைகொடுக்கும் பயிராகும்.

இப்பயிருக்கு வேலி கிடையாது. அறுவடையான பிறகு சுற்றிலும் காய்ந்த தாள் நிற்க, இது ஒன்றே பசுமையாக இருப்பதால் திரியும் மாடுகள் நேரே இதைத் தேடிவருகின்றன. மேய்வதைவிட மிதிப்பதால் விளையும் நஷ்டம் அதிகம். பூவும் பிஞ்சுமாக நிற்கும் வேளையில் ஒரு மந்தை ஓர் இரவு புகுந்தால் அவ்வயலில் மறுபடி விதைக்க ஈரமும் இராது, பருவமும் இராது. அவ்வாண்டு வருமானம் அத்தோடு போயிற்று. இவ்வாறு இரண்டு ஆண்டு இழந்தவர் மூன்றாம் ஆண்டு விதைக்கமாட்டார். அவர் விதைக்காமல் விட்டால் அடுத்த வயல்காரர் மட்டும் தனித்துக் காவல் காக்க இயலாது. இப்படியே ஒருவர் பின் ஒருவராக விட்டுவிட, ஒரு பாசனப்பற்று முழுவதுமே தரிசாகிவிடுகின்றது. பத்து மாடுகளின் கயிறு ஊரார் அனைவருடைய இரண்டாம் போக வருமானத்தையும் நிர்ணயிக்கின்றது என்பதை நிலச்சுவான்தார்கள் உணர வேண்டும்.

இதற்குப் பரிகாரம் ஊர்க்கட்டுப்பாடே. விதைப்புத் தொடங்குமுன் ஊராட்சி கூடி, இன்ன தேதி முதல் உளுந்து அறுவடை முடியும் தேதிவரை மாடுகளை அவிழ்த்துவிடலாகாது என்று தீர்மானித்துத் தண்டோராப் போட வேண்டும். ஒரே மடையில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் ஒரே காலத்தில் அறுவடையாகும், காவலும் எளிதாகும். மாட்டுக்காரருக்கும் இதனால் நஷ்டமில்லை. உளுந்தின் காய்ந்த கொடியும் பொட்டும் வைக்கோலைவிடச் சத்துள்ள தீவனம். கட்டுப்பாட்டுக்கு உடன்பட்ட மாட்டுக்காரருக்கு அதில் ஒரு பங்கு கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் கட்டுப்பாடு நிலைத்துநிற்கும்.

திரியும் மாட்டுக்கு நேரும் தீங்கு

அவிழ்த்துவிட்டால் தீவனச் செலவு மிஞ்சும் என்று எண்ணுவோர் மாட்டையே இழக்கக்கூடும்.

பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், வறட்சியில் வாடி நிற்கும் சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு மிகுதியாக உண்டாகின்றது. பசியோடு திரியும் மாடு இதை மேய்ந்தால் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி, நுரை தள்ளி, தள்ளாடி விழும். உடனே கால்நடை மருத்துவர் மாற்று மருந்தை ஊசிமூலம் ஏற்றினாலன்றிப் பிழைப்பது அரிது. மாடு எங்கே மேய்ந்தது என்று உடையவருக்கே தெரியாதபோது மருத்துவர் நோயை அறிவது எங்ஙனம்?

களத்து நெல்லையோ, கலியாண வீட்டில் கொட்டிய சோற்றையோ அளவின்றித் தின்ற மாட்டின் முதல் இரைப்பையில் புளிப்பு மிகுந்து, வயிறு கல்லாகி, படுத்த படுக்கையாகி இறப்பதும் உண்டு. பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய்வதால் நஞ்சேறும். கடைவீதியில் எச்சில் இலையோடு பிளாஸ்டிக் பைகளையும் விழுங்கும் மாட்டின் இரைப்பையில் அவை செரியாமலும் வெளியேறாமலும் பந்தாகத் திரண்டு தங்கிவிடுகின்றன. அம்மாடு தின்றும் இளைக்கும். தீனியோடு விழுங்கிய கம்பியும் ஆணியும் இரைப்பையைத் துளைத்து இருதயம்வரை சென்று கொல்வதுண்டு. இரவில் நெடுஞ்சாலையில் படுத்த மாட்டின்மேல் மோதி மாடும் மடிகின்றது, வண்டியில் வந்தவரும் மடிகின்றனர். இவ்வளவையும் கணக்கிட்டால் மிஞ்சியதாகக் கருதிய தீவனச் செலவு மிகச் சிறியதாகும்.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறை

தொண்டுப்பட்டிகளுக்கு அடிப்படையானது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். இதன் முக்கிய ஏற்பாடுகளைக் குடியானவரும் கிராம உத்தியோகஸ்தரும் அறிந்திருத்தல் நலம்.

பயிரில் புகுந்து சேதம் செய்யும் மாட்டைப் பிடிக்க அந்நிலத்தைப் பயிரிடுவோருக்கு உரிமை உண்டு. ஆனால் பிடித்த மாட்டைத் தம் வீட்டில் கட்டிவைத்துக்கொள்ள உரிமை இல்லை. 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். அடிப்பதும், காலை ஒடிப்பதும், மருந்து வைப்பதும் பெருங்குற்றங்கள். நியாயமாகப் பிடிக்கப்பட்ட மாட்டை வழியிலோ பட்டியிலோ பலாத்காரமாக விடுவித்துக்கொண்டு போவதும் தண்டனைக்குரியதாக வகுக்கப்பட்டது.

பட்டிக்காரர் ஒவ்வொரு மாட்டையும் பதிவேட்டில் பதிய வேண்டும்; தீனியும் தண்ணீரும் கொடுத்துக் காக்க வேண்டும். உடையவர் அபராதத்தையும் தீனிச் செலவையும் செலுத்திப் பதிவேட்டில் கையொப்பமிட்டு மீட்கலாம். ஏழு நாட்களுக்குள் எவரும் வராவிடில், பட்டிக்காரர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க, விளம்பரம் ஒட்டப்படும். விளம்பரத் தேதியிலிருந்து மேலும் ஏழு நாட்கள் கழிந்தும் உரிமை கோருவோர் இல்லையேல் மாடு பகிரங்க ஏலத்தில் விற்கப்படும். அந்த ஏலத்தில் பட்டிக்காரர் மாட்டை வாங்கலாகாது என்ற விதி மிகவும் கவனிக்கத்தக்கது. காப்பவரே வாங்குபவரானால் காவலில் நேர்மை இராது. தம் மாடு அநியாயமாகப் பிடிக்கப்பட்டது என்று கருதும் உடையவர் பத்து நாட்களுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடவும் இச்சட்டம் வழிசெய்தது.

பட்டியில் கட்டும் அபராதம் பயிரிழந்தவரைச் சேர்வதன்று. அவர் தம் நஷ்டத்துக்குத் தனியே ஈடு கோர வேண்டும். இதை அறியாமையால், மாட்டைப் பட்டியில் அடைத்தும் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று பலர் மனம் வெதும்புகின்றனர். மாடு வயலில் நிற்கும்போதே அண்டை வயல்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துச் சேதத்தை அளந்தும், கைபேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்வது நல்லது. நடைமுறையிலுள்ள அபராத விகிதத்தை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து, பட்டியின் வாயிலில் யாவரும் காண எழுதிவைக்க வேண்டும்.

பட்டி அமைய வேண்டிய விதம்

பட்டிக்கு மேட்டுநிலமும், நிழலும், தண்ணீர் வசதியும் இன்றியமையாதவை. ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும், எருமைக்கு முறையே 4-ம் 8-ம், வெள்ளாட்டுக்கு 1-ம் 2-ம் சதுர மீட்டர் இடம் வேண்டும். தரை வழுக்காததாகவும் மூத்திரம் வடியும் சரிவுள்ளதாகவும் இருக்க வேண்டும். கொம்புள்ள முரட்டு மாட்டையும் கன்றையும் ஒருசேர அடைத்தல் ஆகாது. ஆடுகளுக்குத் தனியறை வேண்டும்.

சுமார் 300 கிலோ எடையுள்ள பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 7 கிலோ வைக்கோலோ, அதற்கு ஈடான பசுந்தீவனமோ வேண்டும். தண்ணீர் 30 முதல் 40 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் அதிகம். 25 கிலோ ஆட்டுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை போதும். இக்கணக்குப்படி பத்து மாடுகளுக்கு நாள்தோறும் சுமார் 65 கிலோ வைக்கோலும் 400 லிட்டர் தண்ணீரும் தேவை. இதனை முன்கூட்டியே சேமித்து வையாத பட்டியில் மாட்டை அடைப்பது வதையேயாகும். கறவை மாட்டை இருவேளையும் கறக்காவிடில் மடிவீக்கம் உண்டாகும். ஆகையால் கறந்து அந்தக் கணக்கையும் எழுதிவைக்க வேண்டும். பால்குடிக் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது.

பட்டிக்கு வருமானம் இல்லை என்று கூறும் ஊராட்சிகள் சாணத்தை மறந்துவிடுகின்றன. பத்து மாடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோ சாணம் இடும். பட்டியின் ஓரத்தில் நிழலில் எருக்குழி வெட்டி, சாணத்தையும் மூத்திரத்தில் ஊறிய கழிவுத் தீவனத்தையும் அடுக்கி, மேலே மண் பூசி மூடி மக்கவைத்து விற்றால் தீவனச் செலவின் ஒரு பகுதியை அதிலிருந்தே ஈடுசெய்யலாம். ஊர்ப் புறம்போக்கில் ஓர் அரை ஏக்கரில் பட்டிக்கென்றே கம்பு நேப்பியர்ப் புல்லும், ஓரத்தில் அகத்தியும் சூபாபுல்லும் நட்டால் பசுந்தீவனத்துக்கும் குறைவிராது.

பட்டிக்காரரின் கணக்கு நேர்மைக்குப் பழந்தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், கோயில் நந்தாவிளக்கின் நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்த செய்திகள் பல காணப்படுகின்றன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது ஏற்றவர் பொறுப்பு என்பதே அதன் கருத்து. கயிற்றைக் கையில் வாங்கியவர் அவ்வுயிருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் இந்நெறி பட்டிக்காரருக்கும் பொருந்தும், வீட்டில் மாடு வளர்ப்போருக்கும் பொருந்தும்.

பட்டியில் நோய் பரவாமை

பல இடத்து மாடுகள் ஓரிடத்தில் சேர்வதால் பட்டியே தொத்து வியாதிக்கு வித்தாகலாம். வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது எனினும், கோமாரியும், தொண்டை அடைப்பானும், தோல் கழலையும், ஆட்டுக்கொல்லியும் இன்னும் உண்டு. ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு மாட்டின் வாயையும் குளம்பையும் தோலையும் பார்த்தல் அவசியம். வாயில் எச்சில் நூலாக ஒழுகுதல், குளம்பிடுக்கில் புண், தோலில் கழலை, தொண்டை வீக்கம் ஆகியவற்றில் எது காணினும் அம்மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். 1962 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கால்நடை மருத்துவ உதவியைக் கேட்கலாம்.

வாயிலில் 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவைச் சோடா கலந்த கரைசலைத் தேக்கி அதில் குளம்பு நனையும்படி மாட்டை நடத்திச் சென்றால் கோமாரிக் கிருமியைப் பெரிதும் தடுக்கலாம். நோயுற்ற மாட்டின் தொட்டியையும் கயிற்றையும் மற்றதற்கு உபயோகிக்கலாகாது. திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் கசியும் மாட்டை எக்காரணத்தாலும் அறுக்கலாகாது, தோலும் உரிக்கலாகாது. அது அடைப்பானாக இருக்கலாம். அறுப்பவருக்கும் அது பற்றும், மண்ணிலும் பல்லாண்டு தங்கும்.

உடையவர் கடமை

மாட்டுக்கு அடையாளம் இருத்தல் முதற் கடமை. இப்போது கால்நடைகளுக்கு 12 இலக்க எண்ணுள்ள காதுவில்லை பொருத்தப்படுகின்றது. அவ்வெண்ணைக் கொண்டு உடையவரையும், தடுப்பூசி போட்ட விவரத்தையும் அறியலாம். பட்டியில் அடைத்த மாட்டின் உடையவர் யார் என்று தேடும் சிரமமும், தம்முடையதன்று என்று மறுக்கும் வழியும் இதனால் ஒழிகின்றன. வில்லையை அறுத்தெறிந்து மாட்டைத் தெருவில் விடுவோர் உண்டு. அவர் தம் மாட்டைக் கைவிட்டவரே ஆவார். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடாமையையும், தக்க காரணமின்றிக் கைவிடுதலையும் வதை என்றே கூறுகின்றது.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுதல், விளக்கேற்றும் நேரத்தில் ஆடுமாடுகளை எண்ணிக் கட்டுதல், இற்ற கயிற்றை உடனே மாற்றுதல், தாதுஉப்புக் கொடுத்தல் ஆகியவை நாளாந்தக் கடமைகள். தாதுச்சத்துக் குறைந்த மாடே துணியையும் காகிதத்தையும் மெல்லத் தெருவுக்குப் போகும்.

வேலியே சிறந்த மேய்ப்பர் என்பதற்குக் காங்கேயப் பகுதியின் கொறங்காடுகள் சான்று. திருப்பூர், கரூர், ஈரோடு ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் மரங்களையும் வளர்த்து, படலைச் சாத்திவிட்டு மாடுகளையும் செம்மறிகளையும் மேயவிடுகின்றனர். நாள் முழுதும் மேய்ப்பவர் இல்லாவிடினும் அடுத்தவர் பயிருக்கு அவற்றால் ஆபத்தில்லை. மற்றப் பகுதியாரும் தம் மேட்டு நிலத்தில் சிறிதளவேனும் இவ்வாறு ஒதுக்கலாம்.

வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் பற்றி முன்யோசனை வேண்டும். ஏரும் கவலையும் குறைந்துவிட்டமையால் கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. தெருவில் திரிவனவற்றுள் இவை பல. பாலினம் பிரித்த உறைவிந்தைக் கொண்டு சினைப்படுத்தினால் பெரும்பாலும் கிடாரியே பிறக்கும். காளை பிறந்தால் காலத்தில் காயடித்து வளர்க்கவோ, வேண்டுவோருக்குக் கொடுக்கவோ செய்யலாம். பேருந்து நிலையத்தில் விட்டுவருவது தீர்வாகாது. தீவனம் போட முடிந்த அளவுக்கு மட்டுமே மாடு வைத்துக்கொள்வதே நேர்மையான வளர்ப்பு. நான்கு மாட்டை அரைவயிற்றோடு வைப்பதினும் இரண்டை முழுவயிற்றோடு வைத்தால் பாலும் அதிகம், அண்டை வீட்டாரின் நல்லெண்ணமும் அதிகம்.

நாய் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடு, மாடு, குதிரை, கழுதை, பன்றி முதல் யானை, ஒட்டகம் வரை கால்நடை என்ற சொல்லில் அடங்கும். நாய் அதில் இல்லை. ஆகவே நாய்க்குத் தொண்டுப்பட்டியும் இல்லை. திரியும் நாயைத் தடுத்துவைக்க அத்தகைய இடம் இன்மையால் உடையவரின் பொறுப்பு இருமடங்காகின்றது.

வெறிநோய் முற்றியபின் மருந்தில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியால் வருவதே; மாள்பவருள் பெரும்பகுதியினர் ஏழைகளும் குழந்தைகளும் ஆவர். நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், மருத்துவர் கூறியபடி மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட்டால் இந்நோயைத் தடுக்கலாம். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊசி போடப்பட்டால் அவ்வூரில் நோய்ச் சங்கிலி அறுந்துவிடுகின்றது. குட்டிகளை வளர்க்க மனமில்லாதவர் பெண்நாய்க்குக் கருத்தடை செய்விக்க வேண்டும். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவருவதால் அவ்வேரிக்கரை ஆட்டுக்காரருக்கே கேடு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்விக்கும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தன.

செத்த கோழியையும் இறைச்சிக் கழிவையும் ஏரிக்கரையில் கொட்டும் ஊரில் நாய்கள் கூட்டமாகப் பெருகிப் பட்டியாடுகளைக் கடித்துக் கொல்கின்றன. இறந்த கால்நடையை ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் இதற்கும் பரிகாரமாகும்.

நாய் கடித்தவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய், மஞ்சள் வைத்துக் கட்டலாகாது. மந்திரித்து நாளைக் கழிக்கலாகாது. குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கிய காலத்தில் நெடுந்தூரம் சென்று பெற வேண்டியிருந்த சிகிச்சை இன்று அருகிலேயே கிடைக்கும்போது, தாமதத்தால் ஓர் உயிர் போவது ஊருக்கே இழுக்கு.

மாடு வளர்ப்போர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். வெறிநோய் கண்ட மாடு எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல், அடித்தொண்டையில் கத்தும். தொண்டையில் மாங்கொட்டை அடைத்துக்கொண்டது என்று எண்ணி வாயில் கைவிட்டுப் பார்ப்போர் தம் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அத்தகைய மாட்டைத் தனியே கட்டி, கைவையாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அதன் பாலை உபயோகிக்கலாகாது. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் உடனே தொடங்கித் தடுப்பூசி போடும் முறை உண்டு.

ஊராட்சி செய்ய வேண்டியவை

1. பட்டியின் சுவர், கூரை, தொட்டி ஆகியவற்றை நெல் அறுவடைக்கு முன்பே பழுதுபார்த்தல்.

2. பதிவேட்டில் மாடு வந்த நேரம், பிடித்தவர் பெயர், காதுவில்லை எண், உடல்நிலை, கொடுத்த தீனி, மீட்ட தேதி ஆகியவற்றை நாள்தோறும் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் அவ்வப்போது பார்வையிடல்.

3. அபராதத்தில் வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேற்றுமை பாராமை. பெரிய நிலச்சுவான்தாரின் மாடு ஒருமுறை அபராதமின்றி வெளியேறினால், அன்றோடு அப்பட்டியின் மதிப்புப் போய்விடும்.

4. உடையவர் வாராத மாட்டை முறைப்படி விளம்பரம் செய்து, ஏலத்துக்குமுன் அருகிலுள்ள பசுமடத்தாருக்கும், ஜில்லாவின் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் தெரிவித்தல்.

5. ஆண்டுக்கு ஒருநாள் ஊர் முழுவதற்கும் நாய்த் தடுப்பூசி முகாம் நடத்தக் கால்நடை மருத்துவரை வேண்டிக்கொள்ளல்.

பட்டி நிரம்பியிருப்பது ஊருக்குப் பெருமை அன்று. தண்ணீர்த் தொட்டி நிறைந்தும், வைக்கோற்போர் தயாராகவும், பதிவேடு ஒழுங்காகவும் இருந்து, அடைக்க மாடு ஒன்றும் இல்லாத பட்டியே நல்ல பட்டி. அவ்வூரில் உளுந்து மிதிபடாமல் காய்க்கும். மாடு தன் தொழுவத்தில் அசைபோடும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அச்சமின்றித் தெருவில் நடக்கும். இதற்கு வேண்டிய செலவு ஒரு நல்ல கயிறும், உடையவரின் கவனமுமே.